ஒரே லேப்டாப்பில் இரண்டு குடித்தனம்

ஜூலை 1, திங்கள்

டைரி எழுதும் ஆள் நான் இல்லை. முப்பத்தொரு வருஷம் சர்வேயராக இருந்தபோது எழுதியதெல்லாம் அளவுக் குறிப்புதான். அதில் வேப்பமரம் வரும், கிணறு வரும், எல்லைக்கல் வரும். எந்தத் தம்பி அழுதான், எந்த அண்ணன் மண்ணை வாரித் தூற்றினான் என்பதெல்லாம் வராது. இன்றைக்கு ஒரு வேலையைத் தொடங்குகிறேன். வேலை என்றால் குறிப்பு வேண்டும். அதனால் இந்த நோட்டு.

வேலை இதுதான். என் மனைவி ரத்தினபாயின் லேப்டாப்பில் விண்டோஸ் இருக்கிறது. அதைக் கலைக்காமல், அதே லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இன்னொன்றை எனக்காகப் போட வேண்டும். ரத்தினம் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கணக்கில் தோற்ற நான்கு பிள்ளைகளுக்குச் சாயங்காலம் அந்த லேப்டாப்பில்தான் வகுப்பு எடுக்கிறாள். போன வாரம் தமிழில் தட்டச்சு செய்யலாம் என்று நான் அதில் எதையோ மாற்றி வைத்தேன். மறுநாள் வகுப்பில் அவள் எக்ஸ் அடித்தால் வேறேதோ எழுத்து வந்து நின்றிருக்கிறது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்களாம். "நீங்க தொட்டா எனக்கு ஒரு வேலையும் ஓட மாட்டேங்கு" என்றாள். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் எங்கள் மகள் பெனிலாதான் இந்த யோசனை சொன்னது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி, அம்மா பக்கம் அம்மாவுக்கு, அப்பா பக்கம் அப்பாவுக்கு என்றாள். இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் எனக்கு நேரம் வந்தது.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். ரத்தினத்தின் இடது மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை டாக்டர் முடிவு சொல்வார். அநேகமாகச் சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். பெனிலாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றாள் ரத்தினம். இதில் எழுத வேறு ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில் ஒரு பென்டிரைவ் வாங்கினேன்.

ஜூலை 2, செவ்வாய்

ரத்தினம் இரண்டு நாளைக்கு எடை தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் நான் தூக்கினேன். பாத்திரம் கழுவினேன். இட்லிக் கொப்பரையின் அடியில் இத்தனை வருஷக் கறை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் தேய்த்தேன். "அது போகாதுங்க, விடுங்க" என்றாள். போகவில்லைதான்.

வேலைக்கு வருகிறேன். லினக்ஸை இணையத்திலிருந்து இறக்கிப் பென்டிரைவில் ஏற்ற வேண்டும். சும்மா நகல் எடுத்துப் போட்டால் செல்லாது, அதற்கென்று ஒரு செயலி வைத்து ஏற்ற வேண்டும். நான் சும்மா நகல் எடுத்துப் போட்டேன். செல்லவில்லை. பெனிலா போனில் வழி சொல்ல, மறுபடி முறையாக ஏற்றினேன். அதற்கு முந்திய படி ஒன்று உண்டு. லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் வேறிடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் எதையும் தொட வேண்டும். அதை ரத்தினமே செய்தாள். என் கையில் தரமாட்டாளாம். இன்னொரு பென்டிரைவில் பத்து நிமிஷத்தில் எடுத்து முடித்து, அதை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

காற்று பேய்க்காற்றாக அடிக்கிறது. ஜன்னலுக்குக் கொக்கி போட்டேன். புழுக்கமாக இருந்தது, எடுத்தேன். அடித்துக்கொண்டது, மறுபடி போட்டேன். இன்னும் பத்து நாள் இருக்கிறது. இந்த வேலைக்கு அவ்வளவு தேவைப்படாது.

ஜூலை 3, புதன்

இன்று நிலம் ஒதுக்கீடு.

லேப்டாப்பின் உள்ளே எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் என்ற தட்டை ஒரு படமாகக் காட்டுகிறது. பார்த்ததும் எனக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்தது. நிலத்தை அளந்து வரைகிற நம் புலப்படமேதான். ஒரு பெரிய சர்வே எண், அதற்குள் மூன்று உட்பிரிவு. முதலில் ஒரு சின்னத் துண்டு. அடுத்து விண்டோஸ் உட்கார்ந்திருக்கும் பெரிய நிலம். கடைசியில் இன்னொரு துண்டு. பெரிய நிலத்தைச் சுருக்கி எனக்கு இடம் எடுக்க வேண்டும். அறுபது ஜிபி கேட்டேன், கொடுத்தது. எடுத்த இடம் கறுப்புப் பட்டையாக, யாருக்கும் ஒதுக்கப்படாதது என்ற குறிப்போடு நின்றது.

பெனிலாவுக்குப் போன் செய்து, புறம்போக்கு எடுத்தாயிற்று என்றேன். அப்படியெல்லாம் சொல்லக்கூடாது அப்பா என்றாள். வேறு எப்படிச் சொல்வது? பட்டா இல்லாத இடத்துக்கு அதுதான் பெயர்.

பழக்கதோஷம், ஒவ்வொரு துண்டும் எந்த எண்ணில் ஆரம்பித்து எந்த எண்ணில் முடிகிறது என்பதை இந்த நோட்டின் பின் அட்டையில் குறித்துக்கொண்டேன். பெனிலா அதெல்லாம் தேவையில்லை என்றாள். அளவு குறிக்காமல் நிலத்தில் கால் வைப்பவன் சர்வேயர் இல்லை என்று சொன்னேன்.

சாயங்காலம் ரத்தினம் வகுப்பு எடுத்தாள். அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "பயந்துக்கிட்டுப் போட்டா கணக்கு வராது, பிள்ளைகளா" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அவளுக்குத் தைரியம் அதிகம். எனக்கும் பயம் அப்படியொன்றும் இல்லை. கேட்டுக்கு எண்ணெய் போட்டேன், முன்கேட்டுக்கும் பின்கேட்டுக்கும்.

ஜூலை 4, வியாழன்

லேப்டாப்பை இயக்கியதும் ஒரு குறிப்பிட்ட விசையை அமுக்க வேண்டும். அப்போதுதான் பென்டிரைவிலிருந்து தொடங்கலாமா என்று கேட்கும். ஒரு நொடி பிந்தினால் விண்டோஸ் வந்துவிடும். கிளம்பிவிட்ட பஸ்ஸில் ஓடி ஏறுகிற வேலை. எட்டு முறை தவறவிட்டேன். ஒன்பதாவது முறை ஏறினேன்.

லினக்ஸ் வந்துவிட்டது. இது ஒத்திகை மட்டுமே. எதையும் போடாமலே பார்த்துக்கொள்ளலாம், அணைத்தால் எல்லாம் மறைந்துவிடும். நன்றாகத்தான் இருக்கிறது. ரத்தினத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "என் வகுப்பு எங்க இருக்கு?" என்றாள். அது உன் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது, இது என் பக்கம் என்றேன். "சரி, கோடு தாண்டாம இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான்கு நாள் போய்விட்டது. எட்டு நாள் பாக்கி.

ஜூலை 5, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்கு ரத்தினம் லேப்டாப்பை மூடி என் கையில் கொடுத்தாள். அதுவரை அதில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வைத்த காப்பி ஆறிப்போயிருந்தது. அதைக் கீழே ஊற்றிவிட்டுக் குளிக்கப் போனாள். அன்றாடம் ஏழு மணிக்குக் குளித்துவிடுகிறவள். மெனக்கெட்டுச் சூடாகப் போட்டுக் கொடுத்த காப்பி என்று எனக்கு வருத்தம்.

இன்றைக்கு நிரந்தரமாகப் போட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். பென்டிரைவ் வழியாக ஏறினேன், முதல் முறையே. போடும்போது அது ஒரு கேள்வி கேட்கிறது. ஏற்கெனவே இருப்பதன் அருகில் தானாகவே போடட்டுமா, அல்லது எல்லையை நீங்களே வகுக்கிறீர்களா என்று. புதியவர்கள் முதலாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பெனிலா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எல்லை வகுப்பதற்கு ஒரு இயந்திரத்தை நான் ஏன் நம்ப வேண்டும்? இதைச் சோறாகத் தின்றவன் நான். அதற்கு முன்னால் புலப்படத்தைத் திறந்து இடத்தைச் சுத்தம் செய்துகொள்வோம் என்று நினைத்தேன்.

முதலில் இருந்த சின்னத் துண்டு கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. மொத்த நிலத்தில் ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. பெயர் இல்லை. உள்ளே யாருடைய கோப்பும் இருப்பதாகத் தெரியவில்லை. கிராமங்களில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். பழைய கணக்கில் விட்டுப்போன துண்டு, கேட்பாரற்றுக் கருவேலம் முளைத்துக் கிடக்கும், பின்னால் அதை வைத்தே வெட்டுக்குத்து வரும். அப்படிக் கிடப்பதை நான் விட்டு வைப்பதில்லை. நீக்கினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றேன்.

பிறகு ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று பென்டிரைவை எடுத்துவிட்டு இயக்கினேன். கறுப்புத் திரை. தொடங்குவதற்கு எதுவுமே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை.

பெனிலாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் சொன்னாள்:

"அப்பா, அந்தத் துண்டுதான் வாசலே. அம்மாவா இருந்தாலும் நீங்களா இருந்தாலும் அது வழியாத்தான் உள்ள போகணும். அதைப் போய் எடுத்துட்டீங்களே."

பாதை. நான் அழித்தது பாதையை. முப்பத்தொரு வருஷத்தில் பாதை விடாமல் ஒரு உட்பிரிவுகூட நான் போட்டதில்லை. அரிவாளோடு வந்து நின்ற அண்ணன் தம்பிகளிடம்கூட, நடுவில் மூன்றடி விட்டால்தான் கையெழுத்து என்று சொன்னவன். ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ஞானமுத்து இன்று தன் வீட்டுப் பாதையையே அழித்துவிட்டான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானையும் இல்லை.

ரத்தினத்திடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு மணி நேரம் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். பன்னிரண்டு மணிக்கு அவளே ஏதோ சொல்ல வந்தவள் போல இன்னும் காயாத தலையோடு எதிரில் வந்து நின்றாள். முந்திக்கொண்டு, லேப்டாப்பைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்து முந்தானையால் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. திட்டியிருந்தால் தேவலை.

"சரி, விடுங்க. மெதுவா சரி பண்ணுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாள்.

என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். மறந்துவிட்டது என்றாள்.

ஜூலை 6, சனி

கறுப்புத் திரை. காற்று. பெனிலாவுக்கு அலுவலகத்தில் வேலை அதிகமாம், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றாள். வகுப்பைப் போனிலேயே எடுத்தாள் ரத்தினம்.

ஜூலை 7, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனோம். ஆராதனையில் ஜெபக் குறிப்புகளை வாசித்தார்கள். இன்னார் மூட்டு வலி, இன்னார் மகன் வெளிநாட்டுப் பயணம். ரத்தினத்தின் பெயரைக் கொடுக்கலாமா என்று காலையிலேயே கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள். பெயர் வாசித்தால் வாசலிலேயே பத்துப் பேர் பிடித்துக்கொண்டு, யாருக்கெல்லாம் எங்கே கட்டி வந்தது, யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்வார்களாம். அது உண்மைதான். நம்மவர்கள் அன்பாகவே சொல்வார்கள், அதுதான் தொல்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலியாக இருக்கும். நான் வெளியே நின்று வண்டியின் கண்ணாடியைத் துடைத்தேன். குருவானவர் வந்து, ஐயா நலமா என்றார். லேப்டாப்பில் பாதை போய்விட்டது என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் எதற்கு அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மத்தியானம் கறிக்குழம்பு. நன்றாக இருந்தது. இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூலை 8, திங்கள்

சரியாகிவிட்டது. என் நோட்டால் சரியாகிவிட்டது. இதைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுவேன்.

பெனிலா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் வந்தாள். நான் போனின் கேமராவை லேப்டாப் பக்கம் பிடித்துக்கொண்டேன். அவள் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இது. நான் பிடுங்கியது எல்லைக்கல்லை மட்டும்தான். நிலம் அப்படியே கிடக்கிறது, உள்ளே இருந்ததும் அப்படியே கிடக்கிறது. எந்த இடத்தில் ஆரம்பம், எந்த இடத்தில் முடிவு என்பது சரியாகத் தெரிந்தால் கல்லைத் திரும்ப நட்டுவிடலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு செயலி இருக்கிறது, ஆனால் நேரம் பிடிக்கும் என்றாள்.

"கண்டுபிடிக்கவே வேண்டாம், எழுதிக்கோ" என்று நோட்டின் பின் அட்டையைத் திருப்பி இரண்டு எண்களையும் வாசித்தேன். மறுமுனையில் என் மகள் சிரித்தது கேட்டது. பென்டிரைவ் வழியாக லினக்ஸில் ஏறி எண்களைப் போட்டோம். அணைத்து இயக்கினேன். ரத்தினத்தின் விண்டோஸ், அவளுடைய பழைய நீலப் படத்தோடு வந்து நின்றது.

கூப்பிட்டுக் காட்டினேன். துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் ஒரு பாராட்டு வரும் என்று நினைத்தேன். "அதுக்குள்ளயா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு, "இன்னும் ஒங்க பக்கம் போடலல்லா? அதையும் போடுங்க. நிதானமா போடுங்க" என்றாள். இந்த லேப்டாப்பைத் தொடாதே என்று எட்டு வருஷம் சொன்னவள்.

பெனிலா போனை வைப்பதற்கு முன் அம்மாவிடம் பேசினாள். பிறகு என்னிடம், அம்மா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். காற்றுக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்றேன். பிள்ளையிடம் பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. சொன்னேன்.

ஜூலை 9, செவ்வாய்

இந்த முறை மரியாதையாக முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். இருப்பதன் அருகில் தானாகவே போடட்டும். ஒதுக்கிய இடத்தை அதுவாகவே கண்டுபிடித்துக்கொண்டது. சின்னத் துண்டைத் தொடவில்லை. ஊர், பெயர், கடவுச்சொல் கேட்டது. அரை மணி நேரம் ஒரு கோடு ஊர்ந்தது. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது இந்த ஒன்பது நாளில் இதுதான் முதல் தடவை.

முடிந்தது. இப்போது இயக்கியதும் ஒரு பட்டியல் வருகிறது. மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். யார் வேண்டும் என்று கேட்டுப் பத்து நொடி காத்திருக்கிறது. இரண்டும் தனித்தனியாக வேலை செய்கின்றன. இரண்டையும் மாற்றி மாற்றி ஆறு முறை போட்டுப் பார்த்தேன்.

ரத்தினம் முந்திரிக்கொத்து செய்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் செய்கிற பலகாரம், ஜூலை மாதத்தில். பயறு வறுத்து, திரித்து, பாகு காய்ச்சி, நாள் முழுக்க நின்றிருக்கிறாள். என்ன விசேஷம் என்று கேட்டேன். செய்யணும் போல இருந்தது என்றாள். ஒரு பெரிய டப்பா நிறைய இருக்கிறது. இரண்டு பேருக்கு மூன்று வாரம் வரும். அவ்வளவையும் ஏன் செய்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

ஜூலை 10, புதன்

வேலை முடிந்துவிட்டது. இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. அதனால் காலையில் என் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே போனேன். இடது ஓரத்தில் ஒரு பட்டியல். அதில் இன்னொரு தட்டு என்று ஒன்று இருந்தது. தொட்டேன். திறந்துகொண்டது.

ரத்தினத்தின் பக்கம். முழுப் பக்கமும். அவள் பக்கத்தில் நுழைய விண்டோஸில் கடவுச்சொல் கேட்கும். என் பக்கத்திலிருந்து போனால் எதுவும் கேட்கவில்லை. அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் இருப்பதே தெரியாது, அதை நேற்றே பார்த்துவிட்டேன். இதைப் பெனிலா சொல்லவில்லை. அவளுக்கு இது சாதாரண விஷயமாக இருக்கும்.

மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. வகுப்பு என்று ஒரு கோப்புறை, சபை என்று ஒன்று, பெனிலா கல்யாணம் என்று ஒன்று. ஆஸ்பத்திரி என்று ஒன்று. அதற்குள் ஸ்கேன் படங்கள். கடைசியாக ஒரு கோப்பு, அவள் பெயரும் பயாப்ஸி என்ற சொல்லும் போட்டு. வந்து சேர்ந்த தேதி ஜூலை 5, காலை 9.12.

முடிவு வந்துவிட்டது. வந்து ஐந்து நாளாகிவிட்டது. அவள் படித்துவிட்டாள். படித்துவிட்டு லேப்டாப்பை மூடி என் கையில் கொடுத்திருக்கிறாள்.

நல்ல முடிவாக இருந்தால் யாராவது ஐந்து நாள் சொல்லாமல் இருப்பார்களா?

திறக்கவில்லை. அணைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு கிலோ சின்ன வெங்காயம் வாங்கினேன். வீட்டில் போன வாரம் வாங்கியதே கிடக்கிறது. பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல், ஒவ்வொரு பஸ்ஸின் பெயர்ப் பலகையாகப் படித்துக்கொண்டு நின்றேன். தெரிந்தவர் ஒருவர் எங்கே பயணம் என்று கேட்டார். எங்கும் இல்லை என்றேன்.

வீடு திரும்பியதும் ரத்தினம் வெங்காயப் பையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நான் கேட்டிருந்தால் அவளும் சொல்லியிருப்பாள். முந்திரிக்கொத்து தின்றோம்.

ஜூலை 11, வியாழன்

ஒரு நிலத்தை அளக்கப் போனால் பக்கத்து நிலக்காரனுக்கு முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இன்ன நாளில் வருகிறேன், எல்லையில் வந்து நில் என்று. அவன் எவ்வளவு சண்டைக்காரனாக இருந்தாலும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் வரப்பில் ஏறினால் அது அளவை இல்லை, அத்துமீறல். நேற்று நான் நோட்டீஸ் இல்லாமல் ஏறிவிட்டேன். அதை வைத்துக்கொண்டு இன்னொரு நாள் என்னால் நடமாட முடியவில்லை.

பத்து மணிக்கு அவள் கொல்லை வாசலில் முறத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"ஒனக்கு ஒரு நோட்டீஸ் கொடுக்கணும்" என்றேன்.

"என்ன நோட்டீஸு?"

"என் பக்கத்துல இருந்து ஒன் பக்கம் எல்லாம் தெரியுது. நேத்து உள்ள போயிட்டேன். ஆஸ்பத்திரின்னு வச்சிருக்கல்லா, அதுல அஞ்சாந்தேதி வந்தது ஒண்ணு இருக்கு. அதைத் திறக்கல. ஒன்கிட்ட சொல்லாம திறக்கக் கூடாது."

அவள் கை நிற்கவில்லை. ஒரு கொத்தை உருவி முடித்துக் காம்பைத் தள்ளி வைத்தாள்.

"திறக்க வேண்டாம். நானே சொல்லுதேன். புத்துநோய்தான்" என்றாள்.

காற்றில் இலை பறந்தது. பறந்ததை எடுத்து முறத்தில் போட்டேன். மற்றதையெல்லாம் அவள் வகுப்பில் சொல்வது போலச் சொன்னாள். பரிசோதனை முடிவு ஐந்தாம் தேதியே மெயிலில் வந்துவிட்டதாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டிருக்கிறாள். கட்டி சின்னதுதானாம். ஆப்ரேஷன் வேண்டியிருக்கும், அதற்கு மேல் என்னென்ன என்பதை நாளைக்கு டாக்டர் நேரில் சொல்வாராம். நான் எத்தனையோ கேட்க நினைத்து ஒன்றைத்தான் கேட்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"அன்னைக்குச் சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீங்க வந்து நின்னு லேப்டாப்பக் கெடுத்துட்டேன்னு சொன்னீங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தேன். ஒரு லேப்டாப்புக்கே இப்படி வெளுத்துப் போயி நிக்காரே, இதை எப்படிச் சொல்லதுன்னு நெனச்சேன். சிரிப்பு வந்துட்டு. பெறவு நீங்க அந்த வேலையிலயே கெடந்தீங்க. ஒங்களுக்குப் பிடிச்சிப் போன ஒரு வேலை. பன்னெண்டு வரைக்கும் அதுலயே கெடக்கட்டும்னு விட்டுட்டேன். சட்டுனு முடிச்சிருவீங்களோன்னுதான் எனக்குக் கவலையே."

இந்த வேலையை நான் எதற்கு எடுத்தேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னேன். சும்மா உட்கார்ந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், பார்த்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதற்காகத்தான் எடுத்தேன் என்றேன். பெனிலா இரண்டு மாதமாகச் சொல்லியும் எடுக்காத வேலையை ஒன்றாம் தேதி ஏன் எடுத்தேன் என்று நினைத்தாய் என்றும் கேட்டேன்.

அவள் கை அப்போதுதான் நின்றது.

"பயமா இருக்கா ஒங்களுக்கு?" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

"ஆமா. ரொம்ப" என்றேன்.

ரத்தினம் அழுதாள். இந்தப் பதினொரு நாளில் அவள் அழுது நான் பார்க்கவில்லை.

"எனக்கும்தான். ஆறு நாளா நான் ஒருத்தியே பயந்துக்கிட்டுக் கெடக்கேன். நீங்க பாட்டுக்கு எல்லைக்கல்லு, பாதைன்னு திரியுதீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?"

நகர்ந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முறத்தைப் பாதி என் மடியில் இழுத்துக்கொண்டேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பயந்துகொண்டே கீரையை ஆய்ந்து முடித்தோம்.